அறுநூறு மூக்குக் கல்யாணம்

பூங்கோதையின் கல்யாணத்துக்கு அரசாங்கம் அனுமதித்தது அறுநூறு மூக்கு. திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு மண்டபத்துக்குள் இருந்தது ஆயிரத்து எழுநூற்று நாற்பது மூக்கு. கைக்குழந்தைகளைச் சேர்க்காமல்.

படிவத்தில் ‘சுவாசிப்போர் எண்ணிக்கை’ என்று கௌரவமாகத்தான் அச்சடித்திருந்தார்கள். மண்டபத்துக்காரர்கள் வாயில் அது மூக்காகிவிட்டது. “எங்களுது முந்நூறு மூக்கு மண்டபங்க, ஆனா பார்க்கிங் பெருசு” என்றுதான் பேச்சே நடக்கும்.

திருமங்கலத்தில் வைகாசி மாதம் காலை எட்டு மணிக்கே வெயில் நாற்பதைத் தாண்டிவிடுகிற காலம் அது. எட்டுக்கு மேல் கதவைத் திறந்து வைத்தால் குளிர் போய்விடும். போன குளிரை மறுபடி ஏற்ற மின்சாரம் கிடையாது. ஆகவே கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே இருக்கிற காற்றையே எல்லோரும் திரும்பத் திரும்ப சுவாசித்தார்கள். அப்படிச் சுவாசித்தால் ஒரு மணி நேரத்தில் மொத்தக் கூட்டமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய கல்லூரி வகுப்பு மாதிரி ஆகிவிட வேண்டும். ஆகாமல் காப்பாற்றியது மூச்சுக்கல்.

பார்ப்பதற்கு மூச்சுக்கல் ஊறாத ரஸ்க் மாதிரி இருக்கும். அரைச் செங்கல் அளவு, ஒரு கிலோ எடை. அதற்குள் இருக்கிற துளைகள் கண்ணுக்குத் தெரியாதவை. ஆனால் அந்தத் துளைகளின் சுவர்களை எல்லாம் பிரித்து விரித்தால் பாதித் திருமங்கலத்துக்குப் பாய் போடலாம். காற்று அதன் வழியாகப் போகும்போது, பந்தியில் வடையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதைத் தொடாமல் எழுகிற பிள்ளை போல, அது கரியமிலவாயுவை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். ஒரு மூக்குக்கு ஒரு கல், மூன்று மணி நேரம். மண்டபத்துச் சுவரில் சல்லடை மூடிக்குப் பின்னால் அறுநூறு கல் அடுக்கியிருந்தது.

இந்தக் கல்லில்தான் பூங்கோதை ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியிருந்தாள். ஆகவே மணமகள் அறையில் தலை நிறைய மல்லிகையோடு உட்கார்ந்திருந்தவளுக்கு, திரைச்சீலை வழியே எட்டிப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. முன்வரிசையில் ஏழு பேர் ஒரே நேரத்தில் கொட்டாவி விட்டார்கள். நாதஸ்வரக்காரரும் விட்டார், ராகத்தின் நடுவில்.

கதவைத் தட்டிக்கொண்டு பிலவேந்திரன் வந்தான். மண்டபத்தின் காற்றுப் பொறுப்பாளன். சீருடையில் முதல் பொத்தான்வரை போட்டிருந்தான்.

“அக்கா, அறுநூறுன்னுதான சொன்னீங்க?”

“ஆமா.”

“மாடியில நின்னு எண்ணிப் பாத்தேன்க்கா. ரெண்டு தடவை எண்ணுனேன். ரெண்டாவது தடவை எண்ணி முடிக்கிறதுக்குள்ள இன்னும் ஒரு வேன் வந்துருச்சு.”

“மீட்டர் எவ்வளவு காட்டுது?”

“காலையில ஐந்நூறு. இப்ப ஆயிரத்து முந்நூறு. ஏறிக்கிட்டே இருக்கு. கல்லு முக்காவாசி நெறைஞ்சுருச்சு.”

பூங்கோதைக்கு மல்லிகையின் எடை திடீரென்று இருமடங்கானது. இரண்டாயிரத்து ஐந்நூறைத் தொட்டால் சங்கு ஊதும். கதவுகள் தாமாகத் திறந்துகொள்ளும். குளிர் நிற்கும். கூட்டத்தைக் கலைத்துவிட்டு, கல்யாண அனுமதியை ரத்து செய்வார்கள். அடுத்த முறை வருவதற்குப் பதினான்கு மாதம். இந்த முறைக்கே அவளும் கதிரேசனும் இரண்டு வருடம் காத்திருந்தார்கள்.

“முகூர்த்தம் எத்தனை மணிக்கு?” என்றான் பிலவேந்திரன், தெரிந்துகொண்டே.

“ஒம்பதேகால்.”

“சங்கு ஒம்பதுக்கு ஊதிரும்க்கா.” அவன் ஆறுதலாக ஏதாவது சொல்ல விரும்பினான். “பிராணவாயுவுக்குப் பயப்படாதீங்க. அது தீர ரெண்டு நாளாகும். நம்மளுக்குத் தலைவலி மட்டும்தான்.”

அப்பாவை அழைத்துவரச் சொன்னாள். சௌந்திரபாண்டி பட்டு வேட்டி சரசரக்க வந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இருபது வருடமாகப் பார்க்காத முகங்களை ஒரே காலையில் பார்த்த சந்தோஷம்.

“தாயி, ராசபாளையத்துல இருந்து நம்ம செல்லையா சித்தப்பா வந்துருக்காரு. நாலு தலைமுறையோட!”

“அப்பா. பத்திரிகையில என்ன போட்டிருந்துச்சு?”

“இருவர் மட்டும்னு.”

“எந்தக் கலர்ல?”

“செவப்புல.”

“அப்புறம் இவ்வளவு பேரு எப்படிப்பா வந்தாங்க?”

சௌந்திரபாண்டி வேட்டியின் கரையைப் பார்த்தார். “பத்திரிகை வைக்கிறப்ப, செவப்பு எழுத்தைக் காட்டி ‘ரெண்டு பேருதான் வரணும்’னு சொல்லிட்டு எந்திரிச்சு வர முடியுமா தாயி? வீட்டுல நாலு புள்ளைக நம்ம மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்கிதுக. ‘அது கவர்மெண்டு போட்டது, நீங்க குடும்பத்தோட வந்துருங்க’ன்னு ஒரு வார்த்தை சொன்னேன்.”

“எத்தனை வீட்ல?”

“ரெண்டு வீட்டுக்கும் சேத்து முந்நூறு பத்திரிகைதான?”

“முந்நூறு வீட்லயுமா!”

“ஒரு வீட்ல சொல்லி ஒரு வீட்ல விட்டா தப்பாயிரும்ல? நான் சொல்றது மரியாதை. அதைக் கேட்டுக்கிட்டு வராம இருக்கிறது அவுங்க மரியாதை. காலங்காலமா அப்படித்தான நடக்குது.” அவர் குரல் தாழ்ந்தது. “வந்துட்டாங்க தாயி. நானே எதிர்பாக்கல.”

ஏன் வந்தார்கள் என்று கூட்டத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பதினோரு வருடமாக எல்லாக் கல்யாணமும் ‘இருவர் மட்டும்’. எல்லா வீட்டிலிருந்தும் அப்பாவும் அம்மாவும் போய்விட்டு வந்தார்கள். பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். சித்தி மகனும் பெரியப்பா மகளும் ஒரே பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் பயணம் செய்துவிட்டு, இறங்கும்போது “கொஞ்சம் வழி விடுங்க” என்று சொல்லிவிட்டுப் போகிற நிலைமை. கல் காற்றைச் சுத்தமாகத்தான் வைத்திருந்தது. கூடவே சொந்தத்தையும் வடிகட்டிவிட்டது.

அதற்குள் செய்தி பரவி, மணமகள் அறை நிரம்பியது. மாப்பிள்ளை கதிரேசன் மாலையோடு உள்ளே வந்தான். ஆறடி உயரம், அரசுப் பள்ளியில் பி.டி. மாஸ்டர், கழுத்தில் மாலைக்குக் கீழே விசில் தொங்கியது. பழக்க தோஷத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தான்.

“கோதை, இப்பவே கட்டிரவா? மூணு முடிச்சு, முப்பது செகண்டு.”

“மாப்ள! ஒம்பது மணி வரைக்கும் ராகு காலம்!” என்று சௌந்திரபாண்டி பதறினார்.

“அப்ப ஆளைக் குறைக்கணும்,” என்றார் ரத்தினவேலு. பூங்கோதையின் தாய்மாமன், எதையும் பட்டென்று பேசுகிறவர். “ஆயிரத்து நூறு பேரை வெளியேத்தணும். அவ்வளவுதான விஷயம்? மாப்ள வீட்டுக்காரங்க இங்கிட்டு நெறையப் பேரு...”

“ஏன், எங்காளுக மூச்சு மட்டும் தனியா நாறுதா?” என்றாள் கதிரேசனின் அத்தை சிட்டம்மா.

“நான் அப்படிச் சொல்லலைங்க. எண்ணிக்கையச் சொன்னேன்.”

“எண்ணிக்கைன்னா உங்க ராசபாளையத்து நாலு தலைமுறையில இருந்து ஆரம்பிங்க. ஒரு தலைமுறையையாவது அனுப்புங்க.”

“எந்தத் தலைமுறைய அனுப்புறது? கெழவரை வெயில்ல நிப்பாட்டுறதா, சின்னப்புள்ளைய நிப்பாட்டுறதா?”

வெளியே நாற்பத்தோரு டிகிரி. வெளியேற்றினால் சிலர் மயங்கி விழுவார்கள்; விழாதவர்கள் மூன்று தலைமுறைக்குப் பேச மாட்டார்கள். பட்டியல் போடத் தாளும் பேனாவும் வந்தன. பேனா கை மாறிக்கொண்டே இருந்தது. எல்லோரும் அதை இன்னொருவரிடம் கொடுப்பதில் மட்டும் சுறுசுறுப்பாக இருந்தார்கள்.

கடைசியில் மைக்கில் ஓர் அறிவிப்புச் செய்தார்கள். “வந்திருக்கும் பெரியோர்களே, காற்று நெருக்கடி காரணமாக, முகூர்த்தம் முடியும்வரை தயவுசெய்து யாரும் பேச வேண்டாம்.” இரண்டு விநாடி அமைதி. பிறகு அந்த அறிவிப்பைப் பற்றி ஆயிரத்து எழுநூறு பேரும் பேச ஆரம்பித்தார்கள். மீட்டர் ஒரே பாய்ச்சலில் ஐம்பது ஏறியது. நாதஸ்வரத்தை நிறுத்தலாமா என்று ஒருவர் யோசனை சொன்னார். “எங்க மூச்சுதான் உங்களுக்குக் கண்ணை உறுத்துதா? அங்க பாருங்க, குறட்டை விடுறாரு ஒருத்தரு” என்று நாதஸ்வரக்காரர் கேட்டதில் நியாயம் இருந்தது.

அந்த நேரத்தில் சமையல் மாஸ்டர் பூவலிங்கம், கரண்டியோடு வந்து நின்றார். அவருக்குக் காற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவருக்கு அவர் கவலை.

“பாப்பா, அறுநூறு பேருக்கு இட்லி எடுத்தாச்சு. மிச்சப் பேருக்கு ஊத்தணும்னா ஆறு கொப்பரையிலயும் மறுபடி தண்ணி கொதிக்கவிடணும். போடவா வேணாமான்னு ஒரு முடிவு சொல்லுங்க.”

பூங்கோதை அவரைப் பார்த்தாள். “கொப்பரையில ஆவி எவ்வளவு சூட்டுல வரும் மாஸ்டர்?”

“கையை வச்சா தோலு உரியும். அவ்வளவு சூடு.”

“நூறு டிகிரி,” என்றாள் பூங்கோதை, தனக்குத்தானே. ஆய்வகத்தில் அவள் ஐந்து வருடம் ஓர் எந்திரத்தோடு வாழ்ந்தாள். நிறைந்த கல்லை உள்ளே வைத்து நூறு டிகிரி நீராவியை விட்டால், பிடித்து வைத்திருந்த வாயுவைக் கல் அப்படியே விட்டுவிடும். புதுக் கல் ஆகிவிடும். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த எந்திரம். அதன் முன்னால் நின்று தினமும் அவளுக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வரும். பேராசிரியரிடம் சொல்லத் தைரியம் இல்லை. ‘இது இட்லிக் கொப்பரைதானே’ என்பதுதான் அது.

“மாஸ்டர், இட்லி வேண்டாம். கல்லு அவிக்கணும்.”

பூவலிங்கம் முப்பது வருடம் கல்யாண வீடுகளில் சமைத்தவர். பெண் வீட்டார் கேட்டதை மறுத்துப் பழக்கமில்லை. “எத்தனை பேருக்கு?” என்றார்.

பிலவேந்திரனுக்குத்தான் வேர்த்தது. “அக்கா, சல்லடை மூடியில அரசாங்க சீல் இருக்கு. கல்லு நெறைஞ்சா நெறைஞ்ச மாதிரியே டிப்போவுக்குப் போகணும். அவுங்கதான் அதைச் சுட வச்சு, காத்தைப் பூமிக்குள்ள எறக்குவாங்க. சீலை உடைச்சா எனக்கு வேலை போயிரும்.”

“நீ உடைக்க வேணாம். நான் உடைக்கிறேன். கேட்டாங்கன்னா கல்யாணப் பொண்ணு உடைச்சுருச்சுன்னு சொல்லு.”

“உடைச்சு, அவிச்சு, அந்தக் காத்த வெளிய விட்டுருவீங்களா?”

அந்தக் கேள்வியில் அவள் நின்றுவிட்டாள். அவ்வளவு நேரம் கல்யாணத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவள், இப்போது இன்னொன்றை நினைத்தாள். வெளியே நாற்பத்தொன்று ஆனதே இந்த வாயுவை எல்லோரும் வெளியே விட்டதால்தான்.

“இல்ல,” என்றாள். “இதைப் புடிக்கிறதுக்காக அஞ்சு வருஷம் படிச்சேன். என் கல்யாணத்துலயே அவுத்து விட்டா எனக்குச் சாப்பாடு எறங்காது. புடிச்சு வைக்கப் பெருசா ஒரு பை வேணும். ரொம்பப் பெருசா.”

கதிரேசன் ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். “யானை அளவுக்கு இருந்தா போதுமா?”

வாசலில் வரவேற்பு யானை நின்றுகொண்டிருந்தது. பன்னிரண்டு அடி உயரம், ரப்பர் துணி, மின்விசிறியால் காற்றடித்து நிறுத்தியது. தும்பிக்கையைத் தூக்கி, வந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்தது.

எட்டு ஐம்பதுக்கு யானையின் காற்றைப் பிடுங்கினார்கள். அது முன்னங்காலை மடக்கி, தும்பிக்கையைத் தரையில் போட்டு, ஒரு பெருமூச்சோடு படுத்தது. சமையற்கட்டு, மண்டபத்துக்குப் பின்னால் திறந்த கொட்டகை. அங்கே பூவலிங்கம் ஆறு கொப்பரைகளின் மூடிகளைச் சுற்றியும் மைதா மாவைப் பிசைந்து அப்பினார், தம் பிரியாணிக்குப் போடுவது மாதிரி, ஒரு பொட்டுக் காற்று வெளியேறாமல். மூடியிலிருந்து குழாய், குழாய் வழியாகத் தண்ணீர் டிரம், டிரம்மிலிருந்து யானை. நீராவி டிரம்மில் குளிர்ந்து தண்ணீராகிவிடும். வாயு மட்டும் யானைக்குள் போகும்.

பூங்கோதை கூரைப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு சுவரோரம் போனாள். பிலவேந்திரன் பார்க்கக் கூடாது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு, சரியான சாவியை எடுத்து நீட்டினான்.

அறுநூறு கல்லையும் சமையற்கட்டுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவது யார்? கதிரேசன் மாலையைக் கழற்றிச் சிட்டம்மா அத்தையிடம் கொடுத்தான். மணவறை மேல் ஏறி நின்றான். விசிலை ஊதினான்.

இருபது வருடமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போகாதவர்கள்கூட எழுந்து நின்றார்கள்.

“ரெண்டு வரிசை! ஒரு கை இடைவெளி! இந்த வரிசையில நெறைஞ்ச கல்லு போகும், அந்த வரிசையில காலிக் கல்லு வரும்! கல்லு சுடும், துண்டை மடிச்சுப் புடிங்க! பெரியவங்க உக்காந்த எடத்துலயே கை நீட்டுங்க! ஓடக் கூடாது! மூக்கால மூச்சு விடுங்க!”

இரட்டைக் கதவின் இடுக்கு வழியாக வரிசை நீண்டது. முதல் கல் கிளம்பியது. கல்லைக் கை மாற்றிக் கொடுக்கும்போது, அடுத்த ஆளைப் ‘பிடிங்க’ என்று கூப்பிட வேண்டும். எப்படிக் கூப்பிடுவது? முறை தெரியாமல் யாரையும் கூப்பிடுகிற ஊர் இல்லை அது.

“தம்பி, நீ யாரு வீட்டுப் பையன்?”

“பேரையூர் மாரிச்சாமி மகன்ங்க.”

“மாரிச்சாமி மகனா! டேய், நான் உனக்குப் பெரியப்பன்டா! புடி கல்லை!”

“இந்தாங்க... அக்கா... நீங்க அக்காவா, அத்தையா?”

“உங்க அப்பா பேரு சொல்லு, நான் என்னன்னு சொல்றேன்.”

“எம்மா, உன்னை எங்கயோ பாத்திருக்கேன்.”

“தெனமும் காலையில ஏழு நாப்பது பஸ்ஸுல பாக்குறீங்க அண்ணே. ஜன்னல் சீட்டுக்கு ரெண்டு பேரும் சண்டை போடுவோம்.”

“நீ யாரு மக?”

“செல்லம்மா மக.”

“அடப்பாவி, எங்க சித்தி பேத்தியோடவா இத்தனை நாளாச் சண்டை போட்டேன்!”

கல்லோடு சேர்ந்து முறையும் கை மாறிக் கை மாறிப் போனது. மச்சான் என்று ஒருவன் கண்டுபிடிக்கப்பட்டால் அந்த இடத்தில் வரிசை ஒரு நிமிடம் நின்றது, கேலி செய்வதற்கு. கதிரேசன் விசில் ஊதித்தான் பிரிக்க வேண்டியிருந்தது. ராசபாளையத்து நான்கு தலைமுறையும் அடுத்தடுத்து நின்று, கொள்ளுத்தாத்தா கையிலிருந்து கொள்ளுப்பேரன் கைவரை கல்லைக் கொண்டுபோயின.

பிரச்சினை என்னவென்றால், வேலை செய்கிற மனிதன் அதிகமாக மூச்சு விடுகிறான். சிரிக்கிற மனிதன் அதைவிட. பூங்கோதை மீட்டரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்பது மணிக்கு இரண்டாயிரத்து நூறு. ராகு காலம் முடிந்தது, முகூர்த்தத்துக்கு இன்னும் கால் மணி இருந்தது. ஒன்பது ஐந்துக்கு இரண்டாயிரத்து முந்நூறு. அவிந்த முதல் நூற்றிருபது கல் சுவருக்குத் திரும்பியிருந்தது. ஆவியில் நனைந்த கல்லுக்குக் காய ஒரு நிமிடம் போதும், அந்த வெயிலில். ஆனாலும் எண் ஏறியது.

“அக்கா, ரெண்டாயிரத்து நானூத்தி இருபது,” என்றான் பிலவேந்திரன். முதல் பொத்தானைக் கழற்றிவிட்டான். “அறுபது. எழுபது.”

“நீ மூச்சு விடாம எண்ணு.”

“எண்பது. எண்பத்தஞ்சு.”

சௌந்திரபாண்டி மகள் பக்கத்தில் வந்து நின்றார். “என் தப்புதான் தாயி. பதினாலு மாசம் உன்னைக் காக்க வச்சுட்டேன்.”

அவள் வரிசையைப் பார்த்தாள். அத்தனை பேர். எல்லோருக்கும் அவள் ஏதோ ஒரு முறை ஆக வேண்டும். எல்லோரும் அவளுக்கு ஏதோ ஒரு சொந்தம். ஒரு கல்லுக்குள் இருக்கிற இடத்தை அளந்து அளந்து எழுதியவள் அவள். ஒரு மண்டபத்துக்குள் எவ்வளவு பேருக்கு இடம் இருக்கும் என்பதை யாரும் அவளிடம் அளக்கச் சொன்னதில்லை.

“அப்பா, நீங்க சொன்னது தப்பு,” என்றாள். “சொன்னதுக்கு அப்புறம் இவ்வளவு பேர் வந்துருக்காங்கள்ல, அது தப்பில்ல.”

இரண்டாவது நூற்றிருபது கல் ஒரே தொடராக உள்ளே வந்தது. ரத்தினவேலு மாமாவும் சிட்டம்மா அத்தையும் கதவுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நின்று, “உங்காளுக சுணங்குறாங்க!” “உங்காளுகளைச் சொல்லுங்க!” என்று போட்டி போட்டுக்கொண்டு தள்ளினார்கள்.

“எண்பத்தஞ்சு,” என்றான் பிலவேந்திரன். “எண்பத்தஞ்சு. எண்பத்தஞ்சுலயே நிக்கிது.” அவன் மீட்டரைத் தட்டினான். “எண்பது. அக்கா! எழுபது!”

“மணி?”

“ஒம்பது பதிமூணு!”

பூங்கோதை புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு மணவறைக்கு ஓடினாள். ஓடக் கூடாது என்ற விதியை மீறிய ஒரே ஆள் அவள்தான். கதிரேசன் விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்து உட்கார்ந்தான். சிட்டம்மா அத்தை மாலையை எங்கே வைத்தாள் என்று தெரியாததால், நாதஸ்வரக்காரர் தன் கழுத்து மாலையைக் கழற்றிக் கொடுத்தார். ஒன்பதேகாலுக்குக் கெட்டிமேளம் முழங்க, மாப்பிள்ளை தாலி கட்டினான். மூன்றாவது முடிச்சுப் போட்டுவிட்டு மூச்சு விட்டான், விசில் ஊதியது. அது ஒரு சைகை என்று நினைத்து, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கல்லைக் கீழே வைத்துவிட்டு அட்சதை போட்டார்கள்.

வாசலில் யானை எழுந்து நின்றது. முதலில் காது, பிறகு கால், கடைசியாகத் தும்பிக்கை. வழக்கமாகக் காற்றில் ஆடுகிற யானை, இப்போது ஆடவில்லை. கரியமிலவாயு காற்றைவிடக் கனம்; நாற்பது கிலோ மூச்சை உள்ளே வைத்துக்கொண்டு நிஜ யானை மாதிரி நிலம் பார்த்து நின்றது. ஒன்பதரைக்கு அதற்கு மேல் கொள்ளாது என்று தெரிந்ததும், மண்டபக் கதவை அவர்களே திறந்துவிட்டார்கள். ஆயிரத்து எழுநூற்று நாற்பது பேரும் நாற்பத்தோரு டிகிரியில், வேர்வை சொட்டச் சொட்ட, பூவலிங்கம் மறுபடி ஊற்றிய இட்லியைத் தின்றார்கள். இட்லியில் லேசாக ஒரு ரஸ்க் வாசனை இருந்ததாகச் சிலர் சொன்னார்கள். யாரும் குறையாகச் சொல்லவில்லை.

பதினோரு மணிக்கு டிப்போ லாரி வந்தது. அறுநூறு கல்லையும் எடை போட்டு ஏற்றினார்கள். பூங்கோதை யானையைக் காட்டினாள்.

“இதையும் எடுத்துக்கங்க. இதுக்குள்ள நாப்பது கிலோ இருக்கு.”

ஓட்டுநர் யானையை மேலும் கீழும் பார்த்தார். “எங்ககிட்ட கல்லுக்குத்தாம்மா படிவம் இருக்கு. யானை எடுக்கணும்னா வனத்துறைக்குச் சொல்லுங்க.”

மூன்றாம் நாள் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கல்லின் எடையை வைத்துக் கணக்கிட்டதில் பூங்கோதை–கதிரேசன் திருமணத்துக்கு வந்தவர்கள் அறுபத்து மூன்று பேர் என்றும், அறுநூறுக்கு அனுமதி இருந்தும் இவ்வளவு எளிமையாக நடத்தியது மற்றவர்களுக்கு முன்மாதிரி என்றும் பாராட்டியிருந்தார்கள். சௌந்திரபாண்டி அதைச் சட்டம் போட்டு மாட்டினார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அந்த அறுபத்து மூன்றில் தாங்களும் ஒருவர் என்று பெருமைப்பட்டார்கள்.

நான்காம் நாள் காலை, கதிரேசன்–பூங்கோதையின் புது வீட்டுக்கு ஒருவர் வந்தார். ஐம்பது வயது, குடை, கோப்பு. மூச்சுப் பிரிவு அதிகாரி. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“வீட்டு உபயோகத்துக்கு ரேஷன் கடையில மூச்சுக்கல் மாத்திக் குடுக்குறோம் இல்லைங்களா. நெறைஞ்ச கல்லைக் குடுத்துட்டு காலிக் கல்லு வாங்கிக்கலாம். அது விஷயமா வந்தேன்.” கோப்பைத் திறந்தார். மூடினார். “இந்த வீட்ல எத்தனை பேரு?”

“ரெண்டு பேரு சார்,” என்றான் கதிரேசன்.

“விருந்தாளிங்க யாரும்...”

“இல்ல சார். நாங்க ரெண்டு பேருதான்.”

“கல்யாணம் எப்ப ஆச்சு?”

“திங்கக்கெழமை.”

அதிகாரி தொண்டையைச் செருமினார். “சார் இந்த மூணு நாள்ல பத்துத் தடவை சாக்கு மூட்டையோட வந்து கல்லு மாத்திருக்கீங்க. எடை போட்டுப் பாத்தா... ரெண்டு பேரு வீட்ல, பதினஞ்சு பேரு மூச்சு.”

பூங்கோதைக்குக் காது வரை சிவந்தது. “சார், அது எங்க மூச்சு இல்ல. உள் ரூம்ல ஒரு யானை—”

“வேணாம்மா!” அதிகாரி கையை உயர்த்தினார். “விவரம் எல்லாம் எங்களுக்குத் தேவையில்ல. எண்ணிக்கைக்குக் காரணம் ஒண்ணு எழுதணும். அதுக்குத்தான் வந்தேன்.”

“இல்லைங்க சார், கேளுங்க. நெஜமாவே யானை. தும்பிக்கையில இருந்து கல்லுல கொஞ்சம் கொஞ்சமா விட்டு—”

“அம்மா, எனக்கு வயசு வந்த பொண்ணு இருக்கும்மா.”

கதிரேசன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். முகத்தில் ஓர் அசைவு இல்லை. அதிகாரி முதல் முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தார்: உயரத்தை, தோளை, கழுத்தில் தொங்கிய விசிலை.

“சார் என்ன வேலை பாக்குறீங்க?”

“பி.டி. மாஸ்டர் சார்.”

அதிகாரி பேனாவைத் திறந்தார். காரணம் என்ற கட்டத்தில் ‘இயற்கை’ என்று எழுதினார். அதற்குக் கீழே, ‘மேல் நடவடிக்கை தேவையில்லை.’ எழுந்து, குடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, கதிரேசனுக்கு வலது கையைக் கொடுத்தார்.